அரக்குக்குக் கலர்தான் பெரிசு

உலகத்தில் மூணு சீட்டு ஆடுகிற அத்தனை பேரும் தப்பாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, அரக்குதான். தோற்றவர்கள் வழக்கமாகச் சீட்டைத் திட்டுவார்கள், கலைத்துப் போட்டவனைத் திட்டுவார்கள், காலையில் முழித்த முகத்தைத் திட்டுவார்கள். அரக்கு ஆட்டத்தின் சட்டத்தையே திட்டுவார்.

அரக்கு என்பது அவர் பேரில்லை. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும். பெரும்பாலும் அது கல்யாணப் புடவைக்கான அரக்குச் சிவப்பு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அடிபட்டுவிட்டது என்று பதறி ஆட்டோ கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே யோசிப்பார். நான் அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருந்துகொண்டு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கண்ணைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு.

அந்தக் கண்ணுக்கு ஒரு நிறமும் தப்பாது. ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தப் போனவர், மணப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொடவை ஒரு லாட்டுச் சாயம், ரவிக்கை வேற லாட்டு" என்று வாழ்த்திவிட்டு வந்தார். பெண்ணின் அம்மா இன்னமும் அவரோடு பேசுவதில்லை. வேலூரில் சிக்னலைத் தாண்டிப் போனதற்குப் போலீஸ்காரர் பிடித்தபோது, "அது செகப்பில்லைங்க, வெளுத்த ஆரஞ்சு. செகப்பா இருந்தா நான் நின்னிருப்பேன்" என்றார். அபராதத்தைக் கட்டிவிட்டு, பல்பை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது கடைக்காரர்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பி இந்தக் கலர் வேண்டும் என்கிறார்கள். அவர் போனைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். "துணியக் குடுத்தனுப்பு. போன்ல கீற கலரு போனோட கலரு" என்பார்.

நெசவுத் தெருவுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறி ஓடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரக்கு வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து மூணு சீட்டு ஆடுவோம். காசு கிடையாது. வறுத்த மல்லாட்டைதான் பந்தயம். வெளியூர்க்காரர்கள் அதை வேர்க்கடலை என்பார்கள். இதில் ஒரே சிக்கல், நல்ல ஆட்டம் நடக்கும்போது பதற்றத்தில் எல்லாரும் பந்தயத்தைத் தின்றுவிடுவார்கள். ஜெயித்தவருக்குப் பல சமயம் தொலிதான் கிடைக்கும்.

அரக்கு முதல் தடவையாக எங்களோடு உட்கார்ந்த அன்று, எந்தக் கை எதைவிடப் பெரிசு என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணக்கு வாத்தியார் என்றால் ஊரில் இப்படித்தான். நானும் வரிசையாகச் சொன்னேன். மூணும் ஒரே சீட்டாக வந்தால், உதாரணமாக மூணு ராணி, அதுதான் உச்சம். அடுத்தது ஒரே ஜாதியில் அடுத்தடுத்து வருவது, இஸ்பேடில் நாலு, ஐந்து, ஆறு என்பது மாதிரி. அதற்கடுத்து ஜாதி கலந்து வரிசையாக வருவது. அதற்கும் கீழேதான் கலர். அதாவது வரிசையில்லாமல், மூணும் ஒரே ஜாதி. அதற்குக் கீழே ஜோடி. எதுவுமே இல்லாவிட்டால் பெரிய சீட்டு வைத்திருப்பவர் பெரிய மனிதர்.

அரக்கு கலர் வரைக்கும் தலையாட்டினார். அங்கே நின்றுவிட்டார்.

"இன்னா சார் அநியாயமா கீது! கலரு கீழயா?"

"ஆமாங்க. வரிசைக்குக் கீழே."

"கண்ட கண்ட ஜாதியக் கலந்து நாலு, அஞ்சு, ஆறுன்னு அடுக்கினா பெருசு. மூணும் ஒரே கலரா எறக்கினா சின்னதா? வரிசைய எவன் வேணா வெப்பான் சார். ஒண்ணாங் கிளாஸ் புள்ளை வெக்கும். மூணு சிட்டம் நூலை மூணு நாள் தள்ளித் தள்ளிச் சாயத்துல போட்டு, ஒரே கலரா எறக்கிப் பாருங்க, தெரியும்!"

நான் விடவில்லை. ஒரு சீட்டுக்கட்டில் வரிசை எத்தனை விதமாக வரலாம், கலர் எத்தனை விதமாக வரலாம் என்று காகிதத்தில் போட்டே காட்டினேன். வரிசை வருவதுதான் அரிது, அதனால்தான் அது பெரிசு. எவ்வளவு மந்தமான மாணவனுக்கும் புரிகிற கணக்கு அது. அரக்கு பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதத்தைச் சுருட்டி மல்லாட்டைத் தொலியை அதில் அள்ளினார். "கணக்கு நல்லாத்தான் கீது. சட்டம் எழுதினவன் சீட்டுக்குச் சாயம் போட்டவன்கிட்ட கேட்டிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டான்" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பார்கள். அரக்கின் முயலுக்குக் காலே கிடையாது, நிறம் மட்டும்தான்.

விஷயம் இதோடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த வட்டத்தில் சேவூரிலிருந்து வருகிற பாவுக்காரர் ஒருவர் இருந்தார். தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முடிந்து பிணைப்பது அவர் தொழில். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று இடம் மாறினாலும் புடவை முழுக்கக் கோடு விழும். அப்படிப்பட்டவரிடம் போய் வரிசை எவன் வேண்டுமானாலும் வைப்பான் என்று சொல்லலாமா? அரக்கு சொன்னார். ஒவ்வோர் அமாவாசைக்கும் சொன்னார்.

சமாதானமாக இருக்கட்டும் என்று நாங்களே ஒரு சட்டம் போட்டோம். அரக்கு சீட்டைக் கலைத்துப் போடும்போது கலர் பெரிசு. மற்றவர்கள் போடும்போது வரிசை பெரிசு. இதைவிட முட்டாள்தனமான ஏற்பாடு எந்த வட்டத்திலும் இருந்திருக்காது. யார் கலைத்தார் என்பது நடுவில் மறந்துவிடும். பிறகு அதற்கு ஒரு பஞ்சாயத்து, அதற்குள் பந்தயம் காலி.

ஒருநாள் அந்த மறதிதான் வினையாகிப் போனது. பாவுக்காரர் கையில் நாலு, ஐந்து, ஆறு. அரக்கு கையில் ஆஸோடு மூணும் ஆர்ட்டின். இருவரும் ஒரே சமயத்தில் மல்லாட்டைக் குவியலில் கை வைத்தார்கள். கலைத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

"கைய எடுய்யா. வரிசை என்னுது."

"இன்னா பெரிய வரிசை? நீ பிணைச்ச பாவுல எழை மாறி, போன மாசம் ஒரு பொடவை கடையிலருந்து திரும்பி வந்துச்சே, அந்த வரிசையா?"

பாவுக்காரர் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "உன் சாயம் தண்ணி பட்டா போவும்யா" என்றார்.

பட்டுக்குச் சாயம் போடுகிறவரை அவர் அப்பா அம்மாவைச் சொல்லித் திட்டலாம், ஒருவேளை மன்னித்துவிடுவார். சாயம் போகும் என்று சொன்னால் அதற்கு மன்னிப்பே இல்லை. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஆட்டமும் நின்றது. எங்களுக்கு அமாவாசை மதியங்களில் தூங்குகிற தண்டனை கிடைத்தது.

இந்த லட்சணத்தில்தான் அரக்கின் மகள் யமுனா ஒருநாள் மாடியேறி என்னிடம் வந்தாள். செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற பெண். அதே பஸ்ஸில் வருகிற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல விஷயந்தானே, யார் பையன் என்றேன்.

"பாவுக்கார மாமா பையன் சார்."

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"ரெண்டு வீட்லயும் சொல்லிட்டோம் சார். எங்க ரெண்டு பேரையும் யாரும் வேணாங்கல. அந்த சீட்டாட்டத்ததான் பேசிகினு கீறாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த இரண்டு பெரிய மனிதர்களையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்கலாம் போலிருந்தது.

தூது போனேன். பாவுக்காரர் டீ கொடுத்து உபசரித்தார். "தங்கமான பொண்ணு சார். நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். அந்தாளு நாலு பேரு முன்னாடி வரிசைதான் பெருசுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார். நான் திரும்பி வந்து அரக்கிடம் சொன்னேன். அவர் சாயத் தொட்டியிலிருந்து நிமிரவே இல்லை.

"பொண்ணக் கேக்கட்டும், குடுக்கறேன். வீட்டக் கேக்கட்டும், யோசிக்கறேன். பொய்யக் கேக்கறாரே சார்."

"உங்க பொண்ணு ராத்திரியெல்லாம் அழறா."

அவர் கையிலிருந்த நூல் சிட்டத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு, அதை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "அடுத்த அமாவாசைக்கு அவரை வரச் சொல்லுங்க. ஆடுவோம். உங்க சட்டப்படியே ஆடுவோம்" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அரக்கு பாடம் படித்தார். மூணும் ஒண்ணு, ஒரே ஜாதி வரிசை, வரிசை, கலர், ஜோடி என்று கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒப்பித்தார். கலர் என்ற இடம் வரும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

அமாவாசையன்று பாவுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. யமுனா மல்லாட்டையை வறுத்துக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, இறங்கிப் போகாமல் மாடிப்படியிலேயே நின்றாள். ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் பந்தயத்தைத் தின்னவில்லை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு கை வந்தது. மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட, அரக்கும் பாவுக்காரரும் மட்டும் மிஞ்சினார்கள். இருவரும் விடாமல் பந்தயம் கட்டினார்கள். கடைசியில் பாவுக்காரர் சீட்டைக் காட்டினார். மூணு, பத்து, ராஜா. மூணும் டைமன். கலர்.

அரக்கு தன்னுடையதைக் காட்டினார். ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்று இஸ்பேட், ஒன்று கிளாவர், ஒன்று ஆர்ட்டின். வரிசை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரிசைதான் பெரிசு என்று அரக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டமும் அவருக்கு, சம்பந்தமும் அவருக்கு. நான் அவரையே பார்த்தேன். யமுனாவும் பார்த்தாள். அரக்கு அந்த மூணு டைமனையும் குனிந்து ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குவியலை இரண்டு கையாலும் பாவுக்காரர் பக்கம் தள்ளினார்.

"உங்களுது கலரு. நீங்க ஜெயிச்சீங்க."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஆனால் பாவுக்காரர் குவியலைத் தொடவில்லை. அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"இன்னாங்க பேசறீங்க? உங்களுது வரிசை. நீங்கதான் ஜெயிச்சீங்க." குவியல் இந்தப் பக்கம் வந்தது.

"மூணும் டைமனுங்க. எடுத்துக்குங்க."

"ஏழு, எட்டு, ஒம்போது! எப்படிங்க எடுப்பேன்? எனக்கு நாயம் வேணாவா?"

"கலருங்க."

"சம்பந்தி, சொன்னாக் கேளுங்க! ஜெயிச்சது நீங்க!"

சொன்ன பிறகுதான் பாவுக்காரருக்கே அந்த முதல் வார்த்தை காதில் விழுந்திருக்கிறது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். யமுனா படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள், போன் பேசத்தான். அதன் பிறகும் அவர்கள் இருவரும் நிறுத்தவில்லை. இருட்டுகிற வரைக்கும் குவியலை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கொள்கையில் இருவரும் இம்மி நகரவில்லை. நடுவில் உட்கார்ந்து நான்தான் அந்த மல்லாட்டையைத் தின்று தீர்த்தேன்.

எல்லாரும் போன பிறகு அரக்கு சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். "ஏங்க, எல்லாத்தையும் பாழாக்கப் பார்த்தீங்களே" என்றேன். அவர் டைமன் ராஜாவை மட்டும் தனியாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஒரு ஷேடு கம்மி சார். வேற கட்டுலருந்து வந்து சேந்திருக்கு. அந்த ரெண்டோட இது ஒட்டவே ஒட்டாது. கலருன்னே சொல்லக்கூடாது."

"பிறகு ஏன் கலர்னு சொன்னீங்க?"

"இது கலரில்லன்னு சொல்லி ஜெயிச்சா மறுபடி சண்டைதான். பொண்ணு பாத்துகினு நின்னுச்சே சார்" என்றார்.

அந்த நிமிஷம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் பிடிக்கிறது.