நீலியின் விரதம்

வேட்டைக்குப் போகும் நாய்க்கு, முதல் நாள் மாலைக்குப் பிறகு வேலை முடியும்வரை சாப்பாடு கொடுக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கலாம், அதுவும் அளவாக. இதுதான் விதி. எழுதியவன் நான். பிளாஸ்டிக் உறையிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கண்மட்டத்தில் ஒட்டியவனும் நான். கவுன்சிலின் அனுமதிப்பத்திரப் பிரிவில் உத்தியோக காலம் முழுவதும் ஊருக்கு விதி சொன்னவன். ஓய்வுபெற்ற பிறகு என் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீடும் அதன் குளிர்சாதனப் பெட்டியும் என்று சுருங்கிவிட்டது. (கதவு மட்டும்தான். உள்ளே மனைவி ஈஸ்வரியின் ஆட்சி.)

நீலி எங்கள் மகள் வாங்கிய நாய். லீட்ஸில் வேலை கிடைத்ததும் “ஆறு மாசம் மட்டும் பாருங்கோ அப்பா” என்று எங்களிடம் விட்டுப் போனாள். அது நடந்து மூன்று வருடமாகிறது. தற்காலிக ஏற்பாடுகள் எப்படி முடியும் என்பதைக் கவுன்சிலில் நிறையவே பார்த்திருந்ததால் எனக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை.

நீலியின் தாய் கிரேஹவுண்ட். தகப்பன் டீர்ஹவுண்ட், ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்தில் மான் துரத்திய, நெடிய, சடைமுடி நாய். இப்படிக் கலந்து பிறப்பதை இங்கே லேர்ச்சர் என்பார்கள். வேகம் தாயிடமிருந்து வரும். மூச்சும் முரட்டு மயிரும் தகப்பனிடமிருந்து வரும். மூளையும் வேண்டுமென்றால் ஆடு மேய்க்கும் கொலி இனத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். நீலிக்கு யாரும் சேர்க்கவில்லை. அந்தப் பொறுப்பு எங்களிடம் விடப்பட்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ரயில் பாதை ஓரத்துப் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, நீலி ஒரு பற்றைக்குள் மறைந்து, வாயில் ஒரு முயலோடு வந்தாள். உயிருள்ள முயல். அதைக் கொண்டுவந்து ஈஸ்வரியின் கையில் வைத்தாள். வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடாதவளின் கையில்! ஈஸ்வரி போட்ட சத்தத்தில் முயலுக்கு ஆயுள் கூடியது. ஒரு கீறல்கூட இல்லாமல் ஓடிப்போய்விட்டது.

இதை நான் டெரிக்கிடம் சொன்னது என் பிழை.

டெரிக் எங்கள் பழைய பல்வைத்தியர். நாங்கள் எட்மண்டனில் இருந்த காலத்திலிருந்து என் பல்லெல்லாம் அவர் பொறுப்பில். நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்ததால், அவ்வளவு காலமும் அவர் ஒருவரே பேசினார். பேசியது முழுவதும் லேர்ச்சர்கள். எதை எதோடு சேர்த்தால் என்ன பிறக்கும், எந்தப் புல்லில் எந்த நாய் வழுக்கும் என்று. என்னால் மறுத்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை. இப்போது அவரும் ஓய்வு. லண்டனைச் சுற்றும் எம் இருபத்தைந்து நெடுஞ்சாலைக்கு வெளியே ஒரு கிராமத்தில், மேஜர் என்ற பிரமாண்டமான ஆண் நாயோடு இருக்கிறார். முயல் கதையைக் கேட்டதும், “உயிரோடா? கையிலா?” என்றார். வேட்டை நாய்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பட்டம் இல்லையாம்.

ஈஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சருங்கோ, எனக்கு இவளின்ரை ஒரு குட்டி வேணும்.”

“என்னத்துக்கு? ஒண்டே காணும்.”

“இவளுக்கு நாலு வயசு முடியுது. இனிப் பிந்தினால் முதல் பேறு கஷ்டம் எண்டு டெரிக் சொன்னவர் எல்லே. பிள்ளையள் வீட்டை விட்டுப் போட்டுதுகள். நாளைக்கு இவளும் போனால், பிறகு நானும் நீங்களும்தான் மிச்சம்.”

அந்த ‘நானும் நீங்களும்’ என்பதை அவள் சொன்ன தொனியைக் கேட்டபின் தாமதிக்க முடியவில்லை. அன்றே டெரிக்குக்கு மின்னஞ்சல் எழுதினேன்.

அவர் ஒரு நிபந்தனை போட்டார். சோபாவில் படுத்திருக்கும் நாய்க்கு மேஜரைத் தர மாட்டார். நீலி அவர் கண் முன்னால் ஒரு முயல் பிடிக்க வேண்டும், பிறகு பேசலாம். வயல் அவருடைய சிநேகிதரான ஒரு கமக்காரருடையது. நாயை விட்டு முயல் பிடிப்பதானால் நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். டெரிக் ஒரு பெருமூச்சோடு வாங்கி, போனில் படமாக அனுப்பினார். வெறும் வயிற்று விதியையும் அவர்தான் சொன்னார். நான் அதற்கு உரிய மொழிநடை கொடுத்தேன்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை விடிய, ஈஸ்வரியின் தம்பி சிவநேசன் தன் வான் வண்டியோடு வந்தான். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பொயிலர் திருத்துகிறவன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததை நின்று வாசித்தான்.

“ஜெர்மனியிலை எண்டால் இதுக்கு ஒரு சோதினை வைச்சு சேட்டிபிக்கற்றும் குடுப்பாங்கள், அத்தான்.”

“இஞ்சையும் சோதினைக்குத்தான் போறம். நீ வானை எடு.”

ஈஸ்வரி இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்தாள். ரோல்ஸ், உழுந்து வடை, பிளாஸ்கில் தேத்தண்ணி, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“இது என்ன?” என்றேன்.

“மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடை போறதே?”

வயலோரத்தில் டெரிக் காத்திருந்தார். மேஜர் பக்கத்தில் நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதியின் முகம், தாடியோடு. டெரிக் கைகொடுக்கும் முன்பே நீலியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். (பழக்கதோஷம்.) பிறகு தோள், தொடை, பாதம். ஈஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகளின் கல்யாணப் பேச்சில்கூட அவளை இவ்வளவு பதற்றமாக நான் பார்த்ததில்லை.

“எப்போது சாப்பிட்டாள்?” என்றார் டெரிக்.

“நேற்று மாலை,” என்றேன். “விதிப்படி.”

என் பின்னால் ஓர் அமைதி நிலவியது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மரியாதை என்று நினைத்துவிட்டேன்.

காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி வேலியோரமாக நடந்தோம். புல் முழுக்கப் பனி. என் சப்பாத்துக்குள் தண்ணீர். தூரத்தில் ஒரு முயல், எங்களைப் பற்றிய எந்தக் கவலையும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது. டெரிக் கையை உயர்த்தி, இறக்கினார். ஒரு முனையை விட்டால் கழுத்திலிருந்து தானாகக் கழன்றுவிடும் பட்டியை நான் விட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நீலி ஓடியது அழகு. அந்தச் சாம்பல் உடம்பு நிலத்தோடு நிலமாக நீண்டு போனது. முயல் திரும்பியது, அவளும் கூடவே திரும்பினாள். டெரிக்கின் வாயிலிருந்து ஒரு சின்ன விசில் வந்தது. “எங்கடை பிள்ளை!” என்றாள் ஈஸ்வரி.

எங்கடை பிள்ளை வயலின் நடுவில் நின்றாள். முதுகை வளைத்தாள். விடியற்காலையிலிருந்து தனக்குக் கிடைத்த அத்தனையையும் புல்லின்மேல் கக்கிப் பரப்பி வைத்தாள். முயலும் ஓடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அந்த முயலின் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அது நிதானமாக, நடந்தது என்றே சொல்லலாம், வேலிக்குள் போய்விட்டது.

டெரிக் போய்க் குந்தியிருந்து, கைத்தடி நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். சூத்தைப் பல் தேடும் அதே பொறுமை. நீலி எதையும் மெல்லுவதில்லை. ஆகவே அடையாளம் காண்பது சிரமமாக இருக்கவில்லை.

“வாழைப்பழம். அது எனக்கே தெரிகிறது. இது என்ன?”

“ரோல்ஸ்,” என்றேன். “உள்ளே ஆட்டிறைச்சி.”

“இந்த இலை?”

“கறிவேப்பிலை. அது வடையில் வரும்.”

அவர் நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தார்.

“நான் சாப்பாடு குடுக்கேல்லை,” என்றாள் ஈஸ்வரி, என்னைப் பார்த்து. “விடிய பாலும் பழமும்தான் குடுத்தனான். விரதகாரருக்கே அது ஏலும். வாயில்லாத சீவனை வெறும் வயித்தோடை ஓட விடுறதே?”

“ரோல்ஸ் ஆர் குடுத்தது?”

சிவநேசன் வயலின் மறுகரையை ஆராய்ந்தான். “அது சோட் ஈட்ஸ், கொறிக்கிற தீன்தானே அத்தான். சோறே குடுத்தனான்? பெட்ரோல் அடிக்க நிண்ட இடத்திலை பாவமாய்ப் பாத்தவள்.”

“ஒண்டா?”

“ஒண்டு எண்டு சொல்லேலாது.”

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கில் வடை மிச்சமிருந்தது. வானிலிருந்து பெட்டிகளை இறக்கியவன் நான். நீலி என் முழங்காலில் நாடியை வைத்து, அந்தக் கண்ணால் பார்த்தாள். அரை வடைதான். பிறகு மற்ற அரை, அது தனியாக இருந்ததால்.

“விதியில் ‘சாப்பாடு’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை,” என்று டெரிக்குக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் நின்று இதே நியாயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் மன்னித்ததில்லை.

டெரிக் சிரிக்கவில்லை. நீலியின் விலாவில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்முரசின் நிறத்தைப் பார்த்தார். இப்படி ஆழமான நெஞ்சுள்ள நாய் நிறைந்த வயிற்றோடு ஓடினால் சிலவேளை இரைப்பை முறுக்கிக்கொள்ளும் என்றார். முறுக்கினால் வயிறு ஊதும். சத்திரசிகிச்சைக்குப் பிந்தினால் நாய் தப்பாது. விதியின் காரணத்தை அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். காரணத்தை விதியில் எழுதும் வழக்கம் எங்கள் பிரிவில் இல்லை.

மிருக வைத்தியருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, நீலியை மெதுவாக நடத்திக் கொண்டுவந்து, வானின் நிழலில் படுக்க வைத்து, அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாலு பெரிய மனிதர்கள் ஒரு நாயின் வயிற்றைச் சுற்றி. ஈஸ்வரி ஈரப்புல்லில் சேலையோடு இருந்து, வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

“முருகா, இவளுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது. ஆர்ச்வே கோயிலுக்கு வந்து தேங்காய் உடைக்கிறன்.”

குட்டியைப் பற்றி அவள் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. சிவநேசனும் ஜெர்மனியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் ஈஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்து, நானும் நீங்களும் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேரம் போனது. பெட்டி திறந்துதான் இருந்தது. டெரிக் ஒரு ரோல்ஸை எடுத்து யோசனையோடு கடித்தார். அப்போது நீலியிடமிருந்து, என் வயது மனிதர்கள் விருந்துக்குப் பிறகு விடுவது போன்ற நீளமான ஏப்பம் ஒன்று வந்தது. எழுந்தாள். உடம்பை உதறினாள். டெரிக்கின் கையில் மிச்சமிருந்த ரோல்ஸை, விரலில் பல் படாமல், மிக மென்மையாகக் கழற்றி எடுத்தாள். விழுங்குமுன் டெரிக் அதைப் பிடுங்கிவிட்டார். ரோல்ஸையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யோசித்துச் சொல்கிறேன்,” என்றார் விடைபெறும்போது.

“எழுத்தில் தாருங்கள்,” என்றேன் நான்.

செப்டெம்பர் போனது. ஒக்டோபர் போனது. எதிர்பார்த்தபடியே நவம்பரில் நீலிக்குப் பருவம் வந்தது. “ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்,” என்றாள் ஈஸ்வரி. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் வரும், இடையில் தொந்தரவு செய்வது முறையல்ல என்றேன். கந்தசஷ்டி தொடங்கிய அன்று காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள்; நான் முன்வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து நின்றேன். பின்வாசலில் நான் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு டெரியர், என் முழங்காலுக்கு வெகு கீழே தலையுள்ள பிறவி, வேலிக்கு அடியால் தோண்டிக்கொண்டு வந்திருந்தது.

“அந்த உயரத்துக்கு எப்பிடி ஏலும்?” என்று அன்று பின்னேரம் வந்த சிவநேசனிடம் கேட்டேன்.

சிவநேசன் பின்கதவடிக்குப் போய், தொழில்காரன் கண்ணால் அளந்தான். “படியிலை ஏறி நிண்டிருக்கும் அத்தான். மட்டம் சரியாய் வருது.”

தை பிறக்கச் சில நாள் முன்பு குட்டிகள் பிறந்தன. தாடி டீர்ஹவுண்டுடையது, கால்கள் அறுத்துக் குறைத்த மேசையினுடையவை. ஈஸ்வரிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் குட்டையானதைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மேஜர் என்று பெயரும் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இப்போது யாராவது “நான் இன்னும் சாப்பிடேல்லை” என்றால், லீட்ஸிலிருந்து போனில்கூடக் கேள்வி வருகிறது: “உண்மையான விரதமோ, நீலி விரதமோ?” குளிர்சாதனப் பெட்டிக் கதவில் விதி இன்னும் இருக்கிறது. யாரோ அதன் அடியில் ‘வடை நீங்கலாக’ என்று எழுதியிருக்கிறார்கள்.

நேர்த்தித் தேங்காயை உடைக்க ஆர்ச்வே கோயிலுக்குப் போனோம். அங்கே, எட்மண்டனில் எங்கள் பழைய வீட்டை வாங்கிய பெண்மணி எங்களைக் கண்டு ஓடிவந்தார். “அண்ணை, உங்கடை காயிதம் ஒண்டு கனநாளாய் எங்களிட்டைக் கிடக்குது. எங்கையாவது காணுவன் எண்டு பையுக்கை வைச்சுக்கொண்டு திரியிறன்.” டெரிக்கின் கையெழுத்து. பல்வைத்தியரின் பதிவில் இருந்த முகவரிக்கு அனுப்பியிருந்தார். முகவரி மாறினால் உடனே அறிவிக்கவும் என்று ஆயிரக்கணக்கானோருக்கு எழுதியவன், தன் பல்லுக்கு மட்டும் அறிவிக்கவில்லை.

உள்ளே மூன்றே வரி. ‘ஓட்டம் நல்லது. வாய் மிக மென்மை. நவம்பரில் மேஜரிடம் கொண்டுவாருங்கள், வெறும் வயிற்றோடு.’ வயலுக்குப் போன மறுநாளே எழுதியிருந்தார். அது என் கைக்கு வந்து சேர்ந்த நாள், தைப்பொங்கல்.