ராகலை வெயிலுக்குப் பெண் கொடுத்தவர்

இலங்கைத் தீவிலேயே வெயிலைப் பார்த்துப் பெண் கொடுத்த ஒரே தகப்பன் எங்கள் கம்பளி மாமாதான். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, குடிப்பாரா, எத்தனை தங்கச்சி என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. "ராகலையில ஆனி ஆடியில வெயில் அடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். அடிக்கும் என்றார்கள். தாம்பூலம் மாற்றிவிட்டார்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் அவருக்கும் எங்களுக்கும் அடுத்தடுத்த வீடு. ஆனி பிறந்தால் மழைதான். உடுப்பு காயாது, கம்பளி காயாது, மனுஷனுக்கே பூஞ்சணம் பிடித்துவிடும். மாமா லயத்துக் கம்பளிகளையெல்லாம் மூட்டை கட்டி, நுவரெலியாவில் பஸ் மாறி, மலைக்கு அந்தப் பக்கம் ராகலையில் இருக்கும் மகள் செல்வி வீட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே வேலியில் காயவைத்து மறுநாள் திரும்புவார். மூட்டை சொட்டுவதைப் பார்த்து ஒருமுறை பஸ் கண்டக்டர் அலறிவிட்டார்.

"மூட்டையில என்னாங்க, மீனா?"

"மீன் இல்லப்பா, ஈரம். வெயில் பாக்கப் போகுது."

"அப்ப அதுக்கும் டிக்கட் எடுங்க!"

எடுத்தார், மகராசன்.

கேட்டால் சாஸ்திரம் சொல்வார். "ஆனி ஆடியில மேகாத்து மேற்குக் கடல்லருந்து தண்ணிய சொமந்துகிட்டு வருது தம்பி. நம்ம மலையில ஏறுறப்ப மூச்சு வாங்குது, சொமைய இங்கயே போட்டுருது. அங்கிட்டு எறங்குறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டுப் போகுது. மார்கழியில வாடக்காத்து அங்கிட்டிருந்து வரும். அப்ப அவங்களுக்கு மழ, நமக்கு வெயில். ரெண்டு பக்கமும் ஒண்ணா நனையாது."

மார்கழியில் செல்வி ஈரத்துணி மூட்டையோடு வருவாள். "அப்பா, ஒங்க வெயில்ல கொஞ்சம் குடுங்க" என்பாள். துணியும் கம்பளியும் சாக்கு என்பது எங்களுக்குத் தெரியாதா? தாயில்லாத ஒற்றைப் பிள்ளை. அப்பனும் மகளும் முகம் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

தினமும் காலை பத்து மணிக்கு அவளுக்குப் போன் போடுவார். "அங்க என்னா புள்ள, மழையா?" அவள் பதிலை வைத்து எங்கள் பக்கத்து வானிலையை லயத்துக்கே அறிவிப்பார். தப்பியதே இல்லை. புவியியல் வாத்தியாரான நானே பாடப்புத்தகத்தைவிட அவரைத்தான் நம்பினேன்.

அந்தக் கார்த்திகையில் மேகாத்தும் இல்லை, வாடக்காத்தும் இல்லை. கடலில் கிளம்பிய புயல் தீவையே சுற்றி வளைத்தது. மலைக்கு இரண்டு பக்கமும் கொட்டியது.

செல்விதான் போன் போட்டாள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை, வீட்டில் தனியாக இருந்தாள். "அப்பா, இங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க. மேல மண்ணு வெடிச்சிருக்காம். நானும் போகவா?"

"இங்க ஊத்துது புள்ள. அப்ப அங்க பொழுது சாயிறதுக்குள்ள விட்டுரும். ஈரத்துல அலையாத, வீட்டுலயே இரு."

அதற்குப் பிறகு அவள் எனக்கும் போன் போட்டாள். அது மாமாவுக்குத் தெரியாது. "அண்ணே, அப்பா சொல்றது சரிதானா?"

புயலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன் நான். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அவரு என்னைக்கும்மா தப்பாச் சொன்னாரு?"

சாயங்காலம் அங்கே மலை சரிந்தது. பாதையெல்லாம் உடைந்து கிடக்க, மாமா நடந்தே ராகலைக்குப் போனார். போய்ச் சேர்ந்த அன்று அங்கே நல்ல வெயில் அடித்ததாம்.

கருமாதி முடிந்ததும் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க தம்பி. நீங்க புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறவரு. அந்தப் பழி எங்கிட்டயே இருக்கட்டும்."

நானும் வெட்கமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன். இப்போது மறுபடி ஆனி மழை. யாரும் அவரிடம் கம்பளி கொடுப்பதில்லை. "பெத்த மகள அப்பனே இருக்கச் சொல்லிக் கொன்னுட்டாரு" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசுகிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போகிறார்.

போதும் மாமா. எழுதிவிட்டேன், ஊரே படிக்கட்டும். அந்தப் பழியில் பாதி என்னுடையது. இனி நாம் இரண்டு பேருமாகத் தூக்குவோம்.