அடைப்புக்குறி சங்காரம்

வாழ்க மாப்பிள்ளை. விசைப்பலகை வீரர், சுழல்நாற்காலிச் சூரர், மாமனார் வீட்டு மூலை அறையை முடிசூடாமலே ஆண்ட மூக்குக்கண்ணாடிக் கோமான், அடைப்புக்குறிகளோடு ஆற்றிய அரும்போரைப் பாடப் புகுகின்றோம். தமிழே, நாவில் வந்து அமர்க, முடிந்தால் சீக்கிரம்.

போரின் மூலம் இது. கண் அறுவை முடிந்து கட்டோடு படுத்திருந்த மாமியார், தம் கணவர் கறையான்களைப் பற்றி எழுதிய பெருநூலை, கட்டுப் பிரிப்பதற்குள் ஒரு தடவையாவது கேட்டு முடித்துவிடத் திருவுளங்கொண்டார். செல்போன் வாசித்தது. அந்தோ, வரிக்கு வரி ஆதாரம் காட்டுவது மாமனாரின் வழக்கம். கறையான் ஒரு கடி கடிப்பதற்குள் எந்த அறிஞர், எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று அடைப்புக்குறிக்குள் அணிவகுத்த அனைத்தையும் செல்போன் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. பொறுமையிழந்த மாமியார் மாப்பிள்ளையை அழைத்தார்.

"கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லித்தானே பொண்ணு குடுத்தோம். இதையாவது எடுத்து விடுங்க மாப்பிள்ளை."

'இதையாவது' என்ற சொல் தைத்த மார்போடு நம் வீரர் சூளுரைத்தார்: "கையால ஒண்ணுகூட அழிக்க மாட்டேன் அத்தை. ஒரே விதி எழுதி அத்தனையையும் ஒரே வீச்சுல தூக்கறேன்." ஒவ்வொன்றாக அழித்தாலே சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுமே என்று மனைவி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

கதவு சாத்தப்பட்டது. குறிகளிட்ட கோப்பை விதிப்படி வேறொன்றாய் உருமாற்ற வல்ல எக்ஸ்எஸ்எல் என்னும் படைக்கலம் உறையினின்று எழுந்தது. முதல் வீச்சில் ஒரு பகையும் விழவில்லை. ஏனெனில் மாமனார் நூற்பெயர்களைச் சாய்வெழுத்தில் இட்டிருந்தார். அதனால் வாக்கியம் மூன்று துண்டாகி, திறக்கும் அடைப்பு ஒரு துண்டிலும் மூடும் அடைப்பு இன்னொரு துண்டிலும் ஒளிந்து நிற்க, துண்டு துண்டாகவே பார்க்கத் தெரிந்த விதி ஜோடியைக் காணாமல் திகைத்தது. சினந்த வீரர் துண்டுகளை ஒட்டி மறுவீச்சு வீசினார். அதுவோ பத்தியின் முதல் அடைப்பில் புகுந்து கடைசி அடைப்பில்தான் நின்றது. இடையிலிருந்த புற்று, ராணி, சேனை, சிறகு எல்லாம் மாண்டு, பத்திக்குப் பத்தி "கறையான்கள்" என்ற சொல்லும் ஒரு முற்றுப்புள்ளியும் மட்டுமே மிஞ்சின. கறையானே அரித்திருந்தாலும் இன்னும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கும்.

தட்டில் வைத்த சாப்பாடு ஆற, தாடி வளர, உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் செய்தி பறக்க, பெற்ற மகளே 'அப்பா ஊருக்குப் போயிருக்காரா' என்று கேட்க, கலங்காத நெஞ்சினர் தன்னந்தனியே நின்று பொருதார். ஆண்டெண் உள்ள அடைப்பை மட்டும் வெட்டு, எதிர்ப்படும் முதல் மூடுகுறியோடு நில், வெறும் விளக்கம் சொல்லும் அடைப்புகளைத் தொடாதே என்று விதிமேல் விதி அடுக்கி, இறுதியாக ஓர் அழுத்து அழுத்தினார். வீழ்ந்தன அடைப்புகள், அறிஞரும் ஆண்டும் பக்கமும் தத்தம் பரிவாரங்களோடு. மடிக்கணினியை இரு கரங்களிலும் ஏந்தி, கதவை உதைத்துத் திறந்து, "அத்தை, ஒண்ணுகூட மிச்சமில்ல" என்று முழங்கியபடி வெற்றிவேந்தர் கூடத்துள் புகுந்தார்.

கண் கட்டை முந்தாநாளே பிரித்துவிட்டார்கள். அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.