கடைசி இடத்துக்கு முந்துகிறவர்

சபைகளில் ஒரு வகை மனிதர் உண்டு. முதல் இடத்துக்கு அடித்துக்கொள்கிறவரை உங்களுக்குத் தெரியும். அவரைச் சமாளித்துவிடலாம், ஒரு மாலை போட்டால் போதும். நான் சொல்வது கடைசி இடத்துக்கு அடித்துக்கொள்கிறவரை. தாழ்மையில் தன்னை யாரும் மிஞ்சிவிடக் கூடாது என்று கச்சை கட்டிக்கொண்டு நிற்பவரை.

எகிப்தில், மல்லாவி என்ற ஊரில் எங்கள் சபை சின்னது. ஒருவர் தும்மினால் எல்லாரும் வாழ்த்துச் சொல்லும் அளவுக்குத்தான் கூட்டம். அதில் இந்த வகைக்கு மாதிரியாக இருந்தவர் வஹீப் அண்ணன். பாசன அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் நாட்டில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை; அன்றைய ஆராதனைக்கு முதல் ஆளாக வருவார். கடைசி பெஞ்சைப் பிடிக்க வேண்டாமா? விருந்தில் கோழியின் கழுத்துத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தட்டை ஏந்தியபடி எல்லா மேசைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஜெபம் பண்ணச் சொன்னால், "ஐயோ, நான் வெறும் தூசி" என்பார். மறுபடி கெஞ்சினாலும் தூசிதான். அதற்கும் மேலே கெஞ்சினால் எழுந்து, இலைக்குள் சோறு சுருட்டி வேகவைத்த மஹ்ஷி ஆறிப்போகும்வரை ஜெபிப்பார். கெஞ்சுவதை நடுவில் நிறுத்திவிட்டாலோ அந்த வாரம் முழுக்க அவருக்கு ரத்த அழுத்தம். ஒருமுறை பாஸ்டர் நாதியின் மனைவி, "சரிதான் அண்ணே, தூசி உக்காரட்டும், வேற யாராவது ஜெபிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவரோடு ஈஸ்டர்வரை பேச்சு இல்லை.

இப்படி எதிரியில்லாமல் ஆண்டுகொண்டிருந்தவருக்குத் தாந்தா நகரத்திலிருந்து வந்தது சோதனை. பெயர் லபீப். மனைவியை இழந்தவர், எங்கள் ஊரில் கண்ணாடிக் கடை வைக்க வந்திருந்தார். வந்த முதல் வெள்ளிக்கிழமையே நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வஹீப் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, புதுசா வந்திருக்கீங்க. முன்னாடி போய் உக்காருங்க."

"நான் எதுக்குண்ணே முன்னாடி? எனக்கு இதுவே அதிகம்."

அதிகமாமே! வஹீப் அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் லபீப் வாசல்படியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் வஹீப் அண்ணன் முற்றத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். இவர் இறங்க, அவர் அதற்கும் கீழே இறங்க, கடைசியில் எங்கள் சபையின் பின்வரிசை தெருவைத் தாண்டி எதிர்த்த டீக்கடைக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்," என்றார் வஹீப் அண்ணனின் மனைவி எவோன் அக்கா. "ரெண்டு பேரும் தாழ்ந்து தாழ்ந்து நைல்ல விழுந்துருவாங்க."

பாஸ்டருக்குக் கவலை. இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களோ, யாருக்குத் தாழ்மை அதிகம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்திருந்தோம். அதனால் வருடாந்தர ஐக்கிய விருந்தில், சாப்பாட்டுக்கு முன்னால், ஒருவர் காலை மற்றவர் கழுவ வேண்டும் என்று அறிவித்தார். வஹீப், லபீப் இருவரையும் ஜோடியாகப் போட்டார். நல்ல மனிதர். ஆனால் நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் எடுத்து வந்துவிட்டார்.

தண்ணீர்ப் பேசினுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழங்காலில் விழுந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

"நீங்க உக்காருங்க தம்பி. நான்தான் கழுவணும்."

"என் காலையா? அதெல்லாம் முடியாதுண்ணே. நீங்க காலக் குடுங்க."

"பேசின விடுய்யா!"

"நீங்க விடுங்க!"

அலுமினியப் பேசினை இவர் ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் இழுக்க, பாஸ்டர் நடுவில் புகுந்து, "சகோதரர்களே, அன்பு, அன்பு" என்று கதற, பேசின் கைநழுவிப் பறந்தது. தண்ணீர் பாதி பாஸ்டர் மேல். மீதி, எவோன் அக்கா விடியற்காலையிலிருந்து சுருட்டி அடுக்கிய முட்டைக்கோஸ் மஹ்ஷிப் பானைக்குள்.

சபை முழுக்க மௌனம். இவ்வளவு ஆழ்ந்த மௌனம் ஜெபவேளையில்கூட எங்களுக்கு வாய்த்ததில்லை.

எவோன் அக்கா கரண்டியோடு வந்தார். "உக்காருங்க, ரெண்டு பேரும். முன்வரிசையில!" உட்கார்ந்தார்கள். "தாழ்மையாம் தாழ்மை! உங்க தாழ்மையால ஊரே பட்டினி. கால நீட்டுங்க. நான் கழுவுறேன்."

வஹீப் அண்ணன் நீட்டிவிட்டார். லபீப் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எவோன் அக்கா விடவில்லை; ஷூவைப் பிடித்து உருவினார். காலுறையில் குதிகால் முழுக்க ஓட்டை. முன்பக்கம் விரல்களும் வெளியே எட்டிப் பார்த்தன.

"தைக்கிறதுக்கு ஆள் இல்லக்கா, சட்டையும் இப்படித்தான்," என்றார் லபீப், தரையைப் பார்த்து. "அதான் முன்னாடி உக்காரக் கூச்சம். பாட்டு நடுவுல சில நேரம் அவ ஞாபகம் வந்து அழுகை வேற வந்துரும். பின்னாடி இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க."

வஹீப் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காலுறைகளைக் கழற்றி லபீபின் மடியில் வைத்தார். யார் பார்க்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நான் அறிந்தவரை அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று ரொட்டியும், ஃபூல் என்கிற மொச்சை மசியலும் வாங்கி வந்து சாப்பிட்டோம். இரண்டு கட்சிகளும் ஒரே தட்டில் தொட்டுக்கொண்டன. லபீப் அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு வஹீப் அண்ணன் வீட்டுக்குப் போனார். எல்லாம் சுபம் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அடுத்த வாரச் சாட்சி நேரத்தில் வஹீப் அண்ணன் எழுந்து, "தப்பு முழுக்க என்னோடதுதான்" என்றார். லபீப் துள்ளி எழுந்தார். "இல்லண்ணே, என்னுதுதான் பெரிய தப்பு!" "என்னுது அதவிடப் பெருசு!" "எப்படிண்ணே சொல்றீங்க?" எவோன் அக்கா கரண்டியைத் தேடினார்.

இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டே உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். இதை எப்படியாவது அவர் கையில் சேர்த்துவிட வேண்டும், பாவம், திருந்தட்டும் என்றும் நினைத்திருப்பீர்கள். சிரமப்படாதீர்கள். அவர் படித்தாகிவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லி, உங்களிடம் சேர்க்கச் சொன்னதே அவர்தான்.