ஓரலுக்குள் தலையைக் கொடுத்தவர்

என் வீட்டுக்காரர் சேந்தன் வாழ்க்கையில் ஒரே ஒரு நேர்முகத்தில்தான் வென்றவர். அது பிரான்சுக்கு வந்த புதிதில் நடந்த அகதி விசாரணை. அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள எல்லா நேர்முகத்துக்கும் தானே பேராசிரியர் என்று நினைப்பு.

மகள் லக்சிகாவுக்குப் பல் மருத்துவப் படிப்புக்கான ஓரல் வந்தது. ஓரல் என்றால் வாய்மொழிப் பரீட்சை; அதில் கேள்வி கேட்கிற தேர்வுக் குழுதான் ழூரி. அதில் தவறினால் பிள்ளை ஒரு வருசமாய்க் கண்முழித்துப் படித்தது வீண். இதைக் கேட்டதும் மனுஷன் உரலைக் கண்ட உலக்கை மாதிரி எழும்பிவிட்டார்.

"யசோ, பிள்ளையை நான் தயார்ப்படுத்துறன். இண்டையிலையிருந்து நான்தான் ழூரி!"

லா சப்பலில் எங்கள் வீட்டுக்குக் கீழே மரக்கறிக் கடை. கீழே முருங்கைக்காய்ப் பெட்டி இறங்கியது. மேலே விசாரணை தொடங்கியது.

"ஏன் பல் டொக்டரா வர விரும்புறாய்?"

லக்சிகா வடிவாகச் சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் தொடங்கினாள்.

"பல்லைக் காட்டாதை! சிரிச்சால் கஷ்டமில்லாத ஆள் எண்டு நினைப்பாங்கள். உயிருக்கு ஆபத்து, வேறை வழியில்லை எண்டு சொல்லு."

"என்ன ஆபத்து, அப்பா?"

"கொம்மா இருக்கிறா. அதை விவரமாச் சொல்லு."

நான் அகப்பையோடு எட்டிப் பார்த்தேன். ழூரி குரலைத் தாழ்த்தியது.

"கேட்டதுக்கு மிஞ்சி ஒரு சொல் கதைக்கப்படாது. எத்தினை தரம் கேட்டாலும் திகதி மாறப்படாது. மாறினால் பொய்! கடைசியிலை கொஞ்சம் அழு."

பிள்ளை உண்மையாகவே அழுதாள்.

"ஆ, இதுதான்! இப்பிடித்தான்!" என்று இவர் கை தட்டினார்.

லக்சிகா அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, எனக்குச் சிரிக்கவே பயமாக் கிடக்கு. ஓரல் அண்டைக்கு வாசல்வரைக்கும் கூட வந்து கடைசிப் பாடம் எடுக்கப் போறாராம். நான் துலைஞ்சன்."

கொன்வென்ட் சிஸ்டர்மார் எனக்குப் பொறுமையைத் தவிர மற்றதெல்லாம் படிப்பித்தவர்கள். அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன்.

எனக்கு ஒரு விசயம் தெரியும். மனுஷன் கொஞ்சக் காலமாக ஒரு பக்கத்தால்தான் சப்புகிறார். முறுக்கைத் தேத்தண்ணிக்குள் ஊறப்போடுகிறார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு எல்லாரிலும் எரிந்து விழுகிறார். "பல்லுக்கொதியோ?" என்று கேட்டால், "பல்லிலை இல்லை, உன்னிலைதான் கொதி!" என்பார். எங்கள் தமிழில் நோவும் கொதி, கோபமும் கொதி. பயந்தாங்கொள்ளிகளுக்கு வசதியான சொல்.

"இஞ்சேருங்கோ, ஓரலிலை ஒரு நோயாளியையும் கொண்டந்து இருத்துவினமாம். நடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

ழூரி அந்த இடத்திலேயே பதவி விலகி, நோயாளிக் கதிரையில் சாய்ந்தது.

"எப்ப தொடக்கம் நோகுது?" என்று லக்சிகா கேட்டாள்.

"போன கிழமை தொடக்கம்."

"குளிர்ந்த சாமான் பட்டால்?"

"ஐயோ, அதை ஏன் கேக்கிறாய்! தீபாவளிக்குக் கொம்மா தந்த ஐஸ்கிறீமிலை எனக்கு உயிர் போய் வந்தது."

"போன கிழமை எண்டு சொன்னீங்கள்?"

இவர் கன்னத்தைப் பொத்தினார்.

"திகதி மாறுது," என்றேன் நான்.

"அது... அது நடிப்பு!"

"அப்ப இதைக் கடியுங்கோ." முறுக்கை நீட்டினேன். இவர் முறுக்கைப் பார்த்தார். முறுக்கு இவரைப் பார்த்தது. தேத்தண்ணி எங்கேயும் இல்லை.

லக்சிகா அவர் கையைப் பிடித்தாள். "பயப்படாதேங்கோ அப்பா. விறைக்கப் பண்ணிப்போட்டுத்தான் தொடுவினம். உங்களையே என்னாலை சம்மதிக்க வைக்க ஏலாட்டி, நான் அந்த ழூரிக்கு முன்னாலை போய் என்ன செய்யிறது?"

மனுஷன் உருகிவிட்டார். பல் டொக்டரைப் பார்க்க நாள் குறிக்கிற ரொந்தேவுவை நான் முன்னரே எடுத்து வைத்திருந்தேன். ஓரலுக்கு முதல் நாள்.

பல் வைத்தியசாலை வாசலில் கால் பின்னுக்கு இழுத்தது. "ஓரலுக்குள்ளை தலையைக் குடுத்தாச்சு, இனி உலக்கைக்குப் பயந்து என்ன?" என்று உள்ளே தள்ளினேன்.

இவருடைய பிரெஞ்சு உணவகக் குசினிப் பிரெஞ்சு. வெங்காயம், சட்டி, கெதியாய் என்பதோடு முடிந்துவிடும். பல்லைப் பிடுங்கிய டொக்டர் அம்மா மளமளவென்று ஏதோ சொன்னா. வாய் நிறையப் பஞ்சோடு இவர் கண்ணால் "என்னவாம்?" என்றார்.

"ரெண்டு நாளைக்கு ஒரு சொல்லும் கதைக்கப்படாதாம். கதைச்சால் காயம் திறந்திடுமாம்."

அடுத்த நாள், ஓரலன்று, மெட்ரோ வாசலில் வீங்கிய கன்னத்தோடு நின்று இரண்டு கையாலும் ஏதோ காட்டினார். சிரிக்காதே என்று சொன்னாராக்கும். லக்சிகா வாய் நிறையச் சிரித்தபடி படியிறங்கிப் போனாள்.

பிள்ளைக்குப் பல் மருத்துவத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. இப்போது லா சப்பல் கடைத்தெரு முழுக்க இவருடைய பேச்சுத்தான்.

"பிள்ளைக்காக ரெண்டு நாள் மௌன விரதம் இருந்தனான் அண்ணை. பல்லைக் குடுத்துப் பலனை வாங்கினனான்!"

நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டொக்டர் அம்மா சொன்னது, இரண்டு மணித்தியாலம் சாப்பிட வேண்டாம் என்று மட்டும்தான்.