டிஸ்பியூட் அண்ணாச்சியின் எதிர்த்தரப்பு

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் சமாளித்த மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் பாளையங்கோட்டையில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து மனு அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. ஊருக்கு அவர் டிஸ்பியூட் அண்ணாச்சி. அந்த மாடியில்தான் நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸ் இருந்தது.

மனு தமிழில் இருந்தாலும் அந்த ஒரு சொல் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகவே மேஜையில் இரண்டு டைப்ரைட்டர்கள். தமிழ் மெஷினில் அடித்துக்கொண்டே வருவார். அந்த இடம் வந்ததும் கொஞ்சம் இடம் விட்டு, தாளை உருவி, இங்கிலீஷ் மெஷினில் செருகி, 'டிஸ்பியூட்' என்று அடித்து, மறுபடி உருவித் தமிழுக்குத் திரும்புவார். ஒரு மனுவில் அது ஆறு தடவை வந்தால் தாளும் ஆறு தடவை போய்வரும். கோர்ட்டுக்குள் நுழையும்போது அந்தத் தாள் பிழிந்து போட்ட வேட்டி மாதிரி இருக்கும். சுற்றிலும் எல்லாரும் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை.

"தகராறுன்னு தமிழ்லயே அடிச்சா என்ன அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தகராறுன்னா கை நீளும் வே. வாக்குவாதம்னா வாய் நீளும். டிஸ்பியூட் அப்படி இல்ல. ரெண்டு பேருமே தான் சொல்லுததுதான் நெசம்னு மனசார நம்பணும். ஒருத்தன் தெரிஞ்சே பொய் சொல்லுதாம்னா அது டிஸ்பியூட்டே கிடையாது."

இதை வைத்து, மனு எழுத வருகிறவர்களையெல்லாம் குறுக்கு விசாரணை செய்வார். பக்கத்து வீட்டுக்காரர் மேல் மனுப் போட வந்த ஒருத்தரிடம், "சாக்கடைய மூடுனது யாரு?" என்றார்.

"நான்தான்."

"ராத்திரியோட ராத்திரியா ஏன் மூடுனீரு?"

வந்தவர் தலையைச் சொறிந்தார். "அப்ப தப்புன்னு உமக்கே தெரியும். இது டிஸ்பியூட் இல்ல வே, களவாணித்தனம். பைய எந்திரிச்சுப் போரும்" என்று அண்ணாச்சி அவரை அனுப்பிவிட்டார். இப்படி வந்த பிழைப்பையெல்லாம் விரட்டினால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று நாங்கள் மாடியில் பேசிச் சிரிப்போம்.

சிரிக்க முடியாத ஒரு டிஸ்பியூட்டும் அவரிடம் இருந்தது. பேட்டையில் அவர்கள் பூர்வீக வீட்டின் ஒரு பாதியில் இவர், மறு பாதியில் தம்பி. தம்பி லேத் பட்டறைக்காரர். பின்னால் இருந்த கிணற்றடி தனக்கென்று அப்பா சொன்னதாக அண்ணனும், இல்லை தனக்குத்தான் சொன்னார் என்று தம்பியும் பதினோரு வருடமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். மனுப் போட்ட அன்றோடு அண்ணாச்சி தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். எதிர்த்தரப்போடு பேசினால் வழக்கு கெட்டுப்போகுமாம். தீபாவளிக்கு அதிரசத்தைக்கூட வக்கீல் மூலமாகத்தான் அனுப்புவார். சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது அதில் பாதி இருக்காது.

போன ஐப்பசியில் தம்பிக்கு நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னது என் காதுக்கு வந்து, மழையில் நனைந்துகொண்டே கீழே இறங்கிப் போனேன்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரும் அண்ணாச்சி."

"கேஸ் நிலுவையில இருக்கு வே."

"கேஸ் எங்கயும் ஓடிராது. தம்பி இருக்க மாட்டாரு."

மறுநாள் ஒரு தாளை நீட்டினார். வழக்கை வாபஸ் வாங்கும் மனு. அடித்தல் திருத்தமே இல்லாமல் அடிக்கிறவர், அதில் ஒன்பது இடத்தில் தப்பு விட்டிருந்தார். காரணம் கேட்ட இடத்தில் 'தம்பியைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது' என்று இருந்தது. இப்படியெல்லாம் காரணம் எழுதக்கூடாது என்று வக்கீல் சொன்னாராம். இவர் மாற்றவில்லை. மனுவைக் கொடுத்த கையோடு, அதன் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

தம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அண்ணனைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி முதலில் சொன்னது இதுதான்: "கிணத்தடி எனக்குன்னுதான் அப்பா சொன்னாவ."

அண்ணாச்சியின் கை சட்டைப் பைக்குப் போய், அப்படியே நின்றது.

"இல்லலே. எனக்குன்னுதான் சொன்னாவ."

"கேஸ நான்தான் ஜெயிப்பேன்."

"பாப்பம்லே. அடுத்த வாய்தாவுக்கு நீ வா, பாப்பம்."

அரை மணி நேரம் விடாமல் பேசினார்கள். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். நகல் பையிலேயே இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இரண்டாம் நாள் தம்பி போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அண்ணாச்சி மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தபோது, மனசில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "வாபஸ் வாங்கியாச்சுல்லா. அதச் சொல்லியிருக்கலாம்லா. சாவப்போறவருகிட்ட என்ன வழக்கு?"

அவர் மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நான் விட்டுக்குடுத்தா, தான் பொழைக்க மாட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருமே வே."

இத்தனை வருடம் நான் கேலி செய்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆபீஸ் மணி அடித்தும் எனக்கு மாடியேறப் பிடிக்கவில்லை.