யன்னலைச் சாத்தாத விஞ்ஞானி

பத்துப் புத்தகம் படித்தவன் அடக்கமாக இருப்பான். ஒன்றும் படிக்காதவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவான். ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, அதிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி வைத்திருப்பவன்தான் ஊருக்கு ஆபத்து. இருபத்திரண்டு வயதில் அந்த ஆபத்து நான்தான்.

வாவிக்கு மேற்கே, பழுகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சண்டைக்காலம். மின்சாரம் நின்று வருடக்கணக்காகியிருந்தது. கம்பங்கள் மாடு கட்ட உதவின. நான் உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலை இரண்டாம் தடவையில், வெறும் சாதாரண சித்தியோடு எட்டிப் பிடித்துத் தேறியிருந்தேன். (இதை என் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் தடவை என்று திருத்துவார்கள்.) பல்கலைக்கழகம் என்னைக் கூப்பிடவில்லை. அது பல்கலைக்கழகத்துக்குத்தான் நட்டம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

படகேறித் துறை கடந்து வந்து படிப்பிக்க ஆசிரியர்கள் விரும்பாத காலம் அது. அதனால் என்னைப் போன்றவர்களைத் தொண்டராசிரியர் என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது. என்றைக்காவது ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கைதான் சம்பளம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி இரண்டு பேர். ஒன்று நான். மற்றது தவமணி, என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். அவள் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் தமிழும் படிப்பித்தாள். நான் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம். பத்து பெரிதா, மூன்று பெரிதா என்று நான் அவளை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். அவள் பதில் சொல்வதேயில்லை. பதில் இல்லாதபடியால்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி துறை கடந்து வரப்போகிறார். எங்கள் இருவரின் பாடத்தையும் பார்ப்பார். ஒருவருக்கு மட்டும் நியமனத்துக்குச் சிபாரிசு எழுதுவார்.

அதிபர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பாடத்திட்டத்தில இருக்கிறதை எடு. கண்ணாடி வில்லை எடு, விம்பம் எடு. பேசாம நியமனத்தை வாங்கு" என்றார். நல்ல மனிதர். நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். வில்லையாம்! மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்கூடச் செய்வான். நான் செய்யப்போவது ஒளிமின் விளைவு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. உலோகத்தில் ஒளி பட்டால் அதிலிருந்து இலத்திரன்கள் என்ற நுண்ணிய மின்துகள்கள் வெளியே பாயும். ஆனால் எந்த ஒளியும் அல்ல. ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழான ஒளியைக் கொட்டு கொட்டென்று கொட்டினாலும் ஓர் இலத்திரன் அசையாது. எல்லைக்கு மேலான ஒளி ஒரு துளி பட்டாலும் போதும், பாயும். இதைக் காட்ட நாகத்தகடு, அதாவது துத்தநாகத் தகடு, ஒன்றும் மின்காட்டி ஒன்றும் வேண்டும். போத்தலுக்குள் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் மெல்லிய இலை, கம்பியின் தலையில் தகடு. மின்னேற்றினால் இலை எழும்பி நிற்கும். ஒளி பட்டு இலத்திரன் ஓடினால் இலை விழும். அவ்வளவுதான். இந்தப் பரிசோதனையை என் வாழ்நாளில் நான் எங்கும் பார்த்ததில்லை. புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன், எனக்கு அது போதும்.

போத்தல் கிடைத்தது. சைக்கிள் சக்கரக் கம்பி கிடைத்தது. இலைக்குச் சிகரட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். போத்தல் வாயை அடைக்க என் தம்பியின் றப்பர்ச் செருப்பின் குதிக்கால். (ஒரு மாதம் நொண்டி நொண்டி நடந்தான். விஞ்ஞானத்துக்கு எல்லாரும் ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும்?) நாகத்தகடுதான் கிடைக்கவில்லை. நாகம் எங்கே இருக்கிறது? பற்றரியின் கோதில் இருக்கிறது. பற்றரி எங்கே இருக்கிறது? அங்கேதான் என் புத்தி கெட்டது.

பற்றரி துறைக்கு இந்தப் பக்கம் வராத காலம். எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் உயிரோடு இருந்தவை நான்கே நான்கு. மாமாவின் வானொலிக்குள் இருந்தவை. பின்னேரமானால் பதினைந்து இருபது பேர் மாமாவின் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். எங்கே பிரச்சினை, நாளைக்குத் துறை ஓடுமா, வயல்வட்டைக்குப் போகலாமா என்பதெல்லாம் அந்த நான்கு பற்றரிகளின் தயவு. மாமா அவற்றைப் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்தார். மத்தியானத்தில் எடுத்துக் கிணற்றுக்கட்டில் வெயிலுக்கு வைப்பார். கருவாட்டைப் புரட்டுவது போலப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார். பின்னேரம் வானொலி கரகரவென்று பேசும். வெயில் சூட்டில் செத்த பற்றரிக்குக் கொஞ்சம் உயிர் வரும், அது உண்மைதான். ஆனால் உண்மைக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

கிணற்றுக்கட்டுக்குப் போனேன்.

"மாமா, என்ன வேலை பாக்கிறீங்க? வெளிச்சம் பட்டா உலோகத்தில இருந்து இலத்திரன் வெளிய ஓடும். நீங்க வெயில்ல வெச்சு வெச்சு உள்ளுக்கு இருக்கிறதையும் துரத்துறீங்க!"

மாமா ஒரு பற்றரியைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப வெயில்ல வெச்சாத்தானே மருமகன் பாடுது?"

"அது மிச்சம் இருக்கிறது மாமா. எல்லாம் ஓடின பிறகு அழுவீங்க. தாங்க, நான் பள்ளிக்கூடத்தில வெச்சு விஞ்ஞான முறைப்படி நிரப்பித் தாறன்."

பாவம், தந்தார். படித்த மருமகன் அல்லவா? அன்றைக்கே இரும்பறுக்கும் வாளால் நான்கையும் பிளந்தேன். கரியை வழித்தெறிந்து, கோதுகளைத் தட்டித் தட்டி விரித்து, செங்கல் தூளால் தேய்த்தேன். பளபளத்தது. அந்தப் பளபளப்பில் என் முகம் தெரிந்தது. வெட்கமில்லாத முகம்.

மின்னேற்றுவதற்குப் பிளாஸ்டிக் சீப்பைத் தலைமயிரில் தேய்க்கவேண்டும். எண்ணெய்த் தலையில் தேய்த்தால் ஒன்றும் வராது. அதனால் ஒரு கிழமை எண்ணெய் வைக்காமல், உடுப்புச் சவர்க்காரம் போட்டு முழுகினேன். தலை தேங்காய்ப் பொச்சு நார் மாதிரி விரிந்து நின்றது. மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள் அந்தக் கோலத்தோடு ஒத்திகை பார்த்தேன். சீப்பால் தொட்டதும் இலை எழும்பியது. யன்னலைத் திறந்தேன், வெயில் விழுந்தது, பத்து எண்ணுவதற்குள் இலை படுத்துவிட்டது. துள்ளிக் குதித்தேன்.

அந்த வழியாகப் போன தவமணி எட்டிப் பார்த்தாள். "மச்சான், யன்னலச் சாத்திட்டு ஒருக்காப் பாத்தீங்களா? அப்பவும் விழுதா எண்டு?"

"இது மூண்டாம் வகுப்பு இல்ல புள்ள" என்றேன்.

இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இதை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

அதிகாரி வந்த நாளுக்கு முதல் நாள் இரவு முழுக்க மழை. காலையில் வெயில் எறித்தது. நிலம் ஆவி விட்டது. அதிகாரி முதலில் தவமணியின் வகுப்பில் இருந்துவிட்டு என் வகுப்புக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. அதிபர் வந்தார். பெற்றோர் சங்கத் தலைவர் என்ற முறையில் மாமாவும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவரைக் கண்டதும் தகட்டை அவருக்கு மறைவாகத் திருப்பி வைத்தேன். ஆனாலும் தகட்டைப் பார்த்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? யன்னலைச் சாத்தித் திறக்க ஓர் ஆள் வேண்டும். தவமணியை நிறுத்தினேன். அவளை என் உதவியாளாக அதிகாரி பார்க்கட்டும் என்ற கெட்ட எண்ணம், வேறென்ன!

யன்னல் சாத்தியாயிற்று. ஒரு மெழுகுதிரி வெளிச்சம். பொச்சுத் தலையில் சீப்பைத் தேய்த்துத் தகட்டைத் தொட்டேன். இலை எழும்பியது. பிள்ளைகள் "ஆ!" என்றார்கள். அந்த "ஆ"வில் நான் மயங்கினேன். உடனே யன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் நான் பேச்சைத் தொடங்கினேன். ஒளி என்றால் என்ன, அது பொட்டலம் பொட்டலமாக வருவது எப்படி, மனித குலம் எவ்வளவு காலம் அறியாமையில் கிடந்தது... மனித குலம் என்று சொல்லும்போது மாமாவின் பக்கம் கையைக் காட்டியதாக ஞாபகம்.

கடைசியில் கையை உயர்த்தினேன். "புள்ள, திற யன்னல! இப்ப பாருங்க, இலை விழும்!"

"மச்சான்" என்றாள் தவமணி மெதுவாக. "இலை முதலே விழுந்திட்டு."

திரும்பிப் பார்த்தேன். இலை சுகமாகப் படுத்துக் கிடந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கூரை ஓட்டால் வெளிச்சம் ஒழுகுகிறது என்று சொல்லி, ஒரு பொடியனை ஏற்றி ஓட்டையில் சாக்குத் துண்டை அடைத்தேன். மறுபடியும் மின்னேற்றினேன். மறுபடியும் இருட்டிலேயே விழுந்தது. மெழுகுதிரியை அணைத்தேன். விழுந்தது. பிறகு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது.

"ஐயா, உங்கட சட்டை வெள்ளை. வெளிச்சம் அதில பட்டுத் தெறிக்குது. கொஞ்சம் அங்கால தள்ளி இருங்க."

என் நியமனத்தைக் கையில் வைத்திருந்த மனிதர், கதிரையைத் தூக்கிக்கொண்டு அங்கால போனார். இலை விழுந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். போனார். அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி மூலையில் இருந்தபடியே தவமணியைக் கேட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ராவு மழை ஐயா. காத்தெல்லாம் ஈரம். வீட்டில உப்புக்கூடக் கசியுது. அந்தச் செருப்புத் துண்டும் ஈரம் பிடிச்சிருக்கும். அதால மின் கசியுது போல. வெளிச்சத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா எண்டு எனக்குத் தெரியாது. காய வெச்சுப் பாத்தாத் தெரியும்."

"பாருங்க" என்றார்.

அதிகாரிக்குத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் செருப்புக் குதிக்காலைக் காட்டினாள். போத்தலைச் சேலைத் தலைப்பால் துடைத்துச் சூடு காட்டினாள். மறுபடி பூட்டிச் சீப்பை என்னிடம் நீட்டினாள். (தலை என்னுடையதுதானே.) தேய்த்தேன். இலை எழும்பியது. யன்னல் சாத்தியிருக்க, பிள்ளைகள் ஐம்பது வரை எண்ணினார்கள். இலை நின்றது. அவள் யன்னலை அகலத் திறந்தாள். நல்ல வெயில் நேராகத் தகட்டில் விழுந்தது. பிள்ளைகள் மறுபடியும் ஐம்பது எண்ணினார்கள்.

இலை அசையவேயில்லை.

"நாகத்துக்குக் கழியூதாக் கதிர் வேணும், ஊதாவுக்கும் அங்கால இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்" என்றார் அதிகாரி பிள்ளைகளிடம். "அதுக்குத் தேவையான அளவு கதிரை வானமே மேல மறிச்சுப்போடும். வெயில் எவ்வளவு எறிச்சாலும் காணாது. ஆனா இண்டைக்கு நீங்க அதை விடப் பெரிய ஒண்டைப் படிச்சிருக்கிறீங்க." பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கல்ல.

அந்தக் கைதட்டலுக்குள் மாமா எழும்பி வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் கரி ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்து மணந்தார்.

"மருமகன், இது என்ட பற்றரியா?"

நான் சீப்பைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"நாலுமா?"

"ஓம் மாமா."

"இலத்திரன் ஓடிரும் எண்டாய். சொன்ன மாதிரியே ஓட்டிப்போட்டாய்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிபாரிசு தவமணிக்குப் போனது. எனக்குக் கிடைத்தது மாமாவின் தீர்ப்பு. பற்றரிக்கு வழி இல்லை. ஆகவே நானே வானொலி. தினமும் பின்னேரம் துறைக்குப் போய், படகில் வந்திறங்குகிறவர்களிடம் நாலு கதை கேட்டு, ஓடிவந்து முற்றத்தில் நின்று உரக்கச் செய்தி சொல்லவேண்டும். "சத்தம் காணாது!" "முதல்ல இருந்து சொல்லு!" என்று இருபது பேர் என் காதைத் திருகாத குறை. வந்தவனுக்கு ஒன்றும் தெரியாத நாட்களில் நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். அப்போது உள்ளேயிருந்து தவமணியின் குரல் வரும்: "ஆர் சொன்ன? வேற ஆரிட்டயும் கேட்டீங்களா?" ஆறு மாதம் அப்படி ஓடியது. ஆறு மாதத்தில் எனக்குப் புரிந்தது, அவள் என்னைக் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்று. எனக்கு அந்த ஆசை வந்ததேயில்லை. வெட்கமாக இருந்தது. அவளைப் பிடித்தும் போனது.

இருவருக்கும் கல்யாணம் ஆனது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை போய்க் குடியேறவேண்டும். அவளுடைய வீட்டில், அவளுடைய சம்பளத்தில், மாமாவின் வானொலிக்குப் பக்கத்தில் குடியேறினேன். பிறகு கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுக்கும் வேலை கிடைத்தது. தவமணி அதிபராகி ஓய்வு பெற்றாள்.

ஆனால் என் வாய் ஓய்வு பெறவில்லை. நான் பசளை போட்டதால்தான் மிளகாய் காய்த்தது என்பேன். "யன்னலச் சாத்திட்டுப் பாத்தீங்களா?" என்பாள். பசளை போடாத பக்கத்துச் செடியும் காய்த்திருக்கும். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் மகள் சித்தியடைந்தாள் என்பேன். "யன்னலச் சாத்திட்டுப் பாத்தீங்களா அப்பா?" என்று மகளே கேட்பாள். எங்கள் பிள்ளைகள் பேசப் பழகியது இந்த வாக்கியத்தில்தான்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குச் சொந்தக்காரர் எல்லாரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். என்னைப் பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குப் பழைய வியாதி.

"இந்தக் குடும்பம் இவ்வளவு காலம் சண்டை சச்சரவில்லாம ஓடினதுக்கு ஒரே காரணம், என்ட பொறுமை" என்று தொடங்கினேன்.

தவமணி நாற்காலியை விட்டு எழும்பினாள். போய்ப் பக்கத்து யன்னலைச் சாத்தினாள். மகள் எழும்பி அடுத்ததைச் சாத்தினாள். தம்பி (செருப்பை மறக்காதவன்) எதிர்ப் பக்கத்தில் இரண்டைச் சாத்தினான். பிறகு மண்டபமே எழும்பியது. மாமாவுக்கு எண்பது வயது. பொல்லை ஊன்றிப் போய்க் கடைசி யன்னலை அவர்தான் சாத்தினார். சாத்திவிட்டு இருட்டுக்குள் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ம், இப்ப சொல்லு மருமகன். எண்ணுறம்."